தோட்டத்து நீருக்கும் ஒரு கணக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழாவிலே சமயமும் இலக்கியமும் பேசக் கேட்டு மகிழும் இச்சபையில், தோட்டத்துக்கு இறைக்கும் நீரை அளப்பது பற்றிப் பேச நான் எடுத்துக்கொண்டதைச் சிலர் புதுமையாகக் கருதலாம். ஆனால் வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பையே வைத்தார் என்பதை நினைவுகூர்ந்தால், இப்பொருள் இச்சபைக்கு அந்நியமானதன்று என்பது விளங்கும்.

நம் தோட்டக்காரர் கணக்கில் வல்லவர். இத்தனை அந்தர் வெங்காயம் விளைந்தது, இத்தனை மூடை பசளை போட்டோம், கூலி இவ்வளவு, மண்ணெண்ணெய் இவ்வளவு என்று விரல் நுனியில் வைத்திருப்பார். ஆனால், "இந்தப் போகத்துக்கு எவ்வளவு தண்ணீர் இறைத்தீர்கள்?" என்று கேட்டால், "நாலு நாளைக்கு ஒரு இறைப்பு" என்றுதான் விடை வரும். எத்தனை முறை இறைத்தார் என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு இறைத்தார் என்பது தெரியாது. விலை கொடுத்து வாங்கும் பொருளுக்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறோம். விலை கொடுத்தாலும் வாங்க முடியாத பொருளுக்கு மட்டும் கணக்கில்லை.

அன்பர்களே! நாம் இறைக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலிற் சிந்திப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த மழையில் ஒரு பகுதி நிலத்துள் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. அதுவே நம் கிணற்று நீர். அது கற்பாறைக் கிண்ணத்தில் நிற்கும் நீரன்று. கீழே புகுந்திருக்கும் கடல் நீரின் மேல் மிதந்து நிற்கும் நன்னீர். நன்னீர் கடல் நீரிலும் சற்றுப் பாரம் குறைந்ததாகையால் அவ்வாறு மிதக்கின்றது.

இந்த மிதப்புக்கு ஒரு விதி உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டு கைபன் என்பவரும், 1901இல் ஜேர்மனியின் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே அதைக் கண்டு கூறினர். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது அவ்விதி. இதன் மறுபக்கம் அச்சந் தருவது. கிணற்று மட்டம் ஓரடி தாழ்ந்து அப்படியே நின்றுவிட்டால், காலப்போக்கில் உவர் நீர் கீழிருந்து 40 அடி மேலேறி வரும். குகையும் வெடிப்பும் நிறைந்த நம் கல்லில் இக்கணக்கு அச்சொட்டாக நிற்பதில்லை. ஆயினும் போகும் திசை அதுவே. மேலே ஓரடி குறைந்ததைக் கண்டு, "ஓரடிதானே" என்று இருப்பவன் கீழே இழந்ததை அறியான். கிணறு ஒருமுறை உவராகிவிட்டால் அது திரும்பவும் நன்னீராவதற்கு எத்தனை மாரி வேண்டுமோ!

முன்னோர் நீரை அளக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அளந்தார்கள், ஆனால் மணியால் அளந்தார்கள். நம் காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். காணியின் எல்லையோடு, கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியமும் சேர்த்தே எழுதியிருக்கும். தகப்பனின் கிணறு பிள்ளைகளுக்குப் பங்காகும். பங்குக்கு ஏற்ப முறை வரும். இன்று மூத்தவருக்கு, நாளை இளையவருக்கு என்று நாளும் நேரமும் வகுத்திருந்தார்கள். துலாவாலும் பட்டையாலும் இறைத்த காலத்தில் அம்முறை நீதியானதாகவே இருந்தது. துலா மிதிப்பவர் ஒருவர், பட்டை பிடிப்பவர் ஒருவர், பாத்திக்குப் பாத்தி நீர் மாறுபவர் ஒருவர் என்று உழைத்தபோது, ஒருவர் வீட்டுத் துலா மற்றவர் வீட்டுத் துலாவிலும் இரட்டிப்பாய் இறைத்துவிட முடியாது. மனிதனின் மூச்சே அளவுகோலாயிற்று. மூன்று மணி நேரம் என்றால் ஏறக்குறைய இவ்வளவு நீர் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

1950களிலும் அதற்குப் பின்னும் நீரிறைக்கும் இயந்திரம் தோட்டங்களுக்கு வந்தது. துலா மிதித்த கால்களுக்கு அது கொடுத்த ஓய்வை யாரும் குறைகூற முடியாது. ஆனால் உறுதியில் எழுதிய முறை மாறவில்லை. இறைக்கும் கருவி மாறிவிட்டது. தம்பியின் இயந்திரம் நிமிடத்துக்கு 400 லீற்றர் இறைக்கிறது என்றும், அண்ணனின் இயந்திரம் 800 லீற்றர் இறைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இருவருக்கும் முறை மூன்று மணி நேரமே. தம்பிக்குக் கிடைப்பது 72,000 லீற்றர். அண்ணனுக்கு 1,44,000 லீற்றர். "அண்ணை, என்ரை முறைக்குக் கிணறு அடியைக் காட்டுது" என்று தம்பி சொன்னால், "நான் என்ரை நேரத்துக்கு மேலே ஒரு நிமிடமும் இறைக்கேல்லையே, தம்பி" என்று அண்ணன் சொல்லுவார். இருவர் சொல்வதும் உண்மை. பொய் சொல்வது மணிக்கூடு. உடன்பிறந்தவர்களுக்கிடையே பகை மூள்வதற்கு இப்படியொரு பொய்யான அளவுகோலே போதும்.

இத்தகைய மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கி.பி. 97இல் உரோமாபுரியின் நீர் விநியோகத்துக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்ட புரொன்ரினஸ் என்பவர் நீரளவைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். அக்காலத்து உரோமர் குழாயின் வாயகலத்தைக் கொண்டே நீரைப் பங்கிட்டனர். நீர் எவ்வளவு வேகமாய் ஓடுகிறது என்பதைக் கணக்கிற் சேர்க்கும் வழி அவர்களிடம் இருக்கவில்லை. நாம் நேரத்தை எண்ணி ஓட்டத்தை விட்டோம். அவர்கள் வாயை அளந்து வேகத்தை விட்டார்கள்.

அப்படியானால் எப்படி அளப்பது? பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் அது ஒரு லீற்றர். இந்த ஒன்றை மனத்திற் பதித்துக்கொண்டால் போதும். நமது ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பில் ஒரு மில்லிமீற்றர் நீர் என்றால் 253 லீற்றர். பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீரை ஆவியாக விடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். சோளகம் வீசும் மாதங்களில் இது கூடும், மாரியிற் குறையும். நாலு நாளைக்கு 20 மில்லிமீற்றர். பரப்புக்கு 5,060 லீற்றர். அதுவே அந்தப் பரப்புக்கு அந்த இறைப்பில் வேண்டிய நீர்.

இனி, நாம் கொடுப்பது எவ்வளவு? 200 லீற்றர் கொள்ளும் வெறும் எண்ணெய்ப் பீப்பா ஒன்றைக் கழுவி எடுத்து, இயந்திரக் குழாயின் வாயில் வைத்து, அது நிறையும் நேரத்தைப் பாருங்கள். 30 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 400 லீற்றர். கிணற்று மட்டம் தாழத் தாழ இறைக்கும் அளவும் குறையுமாதலால், தொடக்கத்தில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 400 லீற்றர் என்றால், மேற்சொன்ன 5,060 லீற்றருக்கு 13 நிமிடமும் வேண்டியதில்லை. பரப்புக்கு 20 நிமிடம் இறைப்பவர் 8,000 லீற்றர் கொடுக்கிறார். மிஞ்சிய 2,940 லீற்றரும் அதை இறைத்த எண்ணெயும் எங்கே போயின?

வாய்க்காலில் ஓடும் நீரை அளக்கவும் வழியுண்டு. ஒரு தகரத் தட்டில் செங்கோணமாக, முக்கோண வடிவில் ஒரு வெட்டு வெட்டி, வாய்க்காலுக்குக் குறுக்கே ஒழுக்கின்றி நிறுத்த வேண்டும். நீர் தட்டுக்கு மேற்புறம் தேங்கி, வெட்டினூடாக வழிந்து கீழே விழும். தட்டுக்குச் சற்று மேலே, நீர் அமைதியாய் நிற்கும் இடத்தில், வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்று பார்த்தால் ஓட்டம் தெரிந்துவிடும். 10 சென்ரிமீற்றர் உயரமானால் வினாடிக்கு ஏறக்குறைய 4.4 லீற்றர், 12 சென்ரிமீற்றரானால் 6.9 லீற்றர். இரண்டு சென்ரிமீற்றர் உயர்ந்ததும் ஓட்டம் ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடுவதைக் கவனியுங்கள். கண்ணால் பார்த்து மதிப்பிடுவது ஏன் உதவாது என்பது இதிலிருந்து விளங்கும். இப்படியொரு தட்டைக் கிணற்றடியிலும், இன்னொன்றைத் தோட்ட வாயிலிலும் வைத்துப் பார்த்தால், வழியில் வாய்க்கால் குடித்த நீரும் தெரியவரும்.

இங்கே விஷயம் அறிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். மிஞ்சிய நீர் மண்ணினூடாக மீண்டும் கிணற்றுக்குத்தானே போகிறது. அதை நட்டம் என்று சொல்லலாமா? இது நல்ல கேள்வி. இறைத்த நீர் வேறு, தீர்ந்த நீர் வேறு. ஆவியாகப் போனதே உண்மையில் தீர்ந்தது. கீழே இறங்கியதில் ஒரு பங்கு திரும்பவும் நிலத்தடி நீரைச் சேரும். பல நாடுகளில், சொட்டு நீர் பாய்ச்சினோம், நீரை மிச்சப்படுத்தினோம் என்று சொல்லி, மிச்சத்தைக் கொண்டு புதிய நிலத்திற் பயிர் செய்தபோது, கீழே திரும்பிச் சென்ற நீரும் நின்றுபோய், நிலத்தடி நீர் முன்னிலும் விரைவாகக் குறைந்ததுண்டு. ஆகவே இரண்டு கணக்கும் வேண்டும்.

ஆனால் நம் மண்ணில் அந்தத் திரும்பும் நீர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. வெங்காயத்தின் வேர் ஆழமில்லாதது. வேருக்குக் கீழே இறங்கிய நீர் நாம் இட்ட யூரியாவின் சத்தையும் நைத்திரேற்றாகக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. குடாநாட்டுத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வாயுவைத் தாங்கும் வலிமையை இழக்கும். அளவுக்கு மிஞ்சி இறைப்பவர் தம் பசளையைத் தாமே கழுவி, அயலாரின் குடிகிணற்றில் ஊற்றுகிறார். நீர் திரும்புகிறது என்று ஆறுதலடைய இடமில்லை.

விஞ்ஞானிகள் இன்று வானிலிருந்தும் இதை அளக்கிறார்கள். வியர்வை காயும்போது உடல் குளிர்வது போல, நீரை ஆவியாக விடும் பயிர்நிலமும் குளிர்ந்திருக்கும். அந்தச் சூட்டை லான்ட்சற் போன்ற செய்மதிகள் அளந்து அனுப்ப, அதிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாயிற்று என்று கணிக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் 2021 முதல் ஒவ்வொரு வயலுக்கும் இக்கணக்கை எவரும் பார்க்கலாம். நல்ல முறைதான். ஆயினும் அச்செய்மதி சூட்டைப் பார்க்கும் ஒரு புள்ளி 100 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டது. நம் கணக்கில் அது ஏறக்குறைய 40 பரப்பு. அந்த 40 பரப்புக்குள் எத்தனை வீடு, எத்தனை பேருடைய மிளகாய்த் தறை, வாழை, பனை, வெறும் நிலம்! எல்லாவற்றையும் கலந்து ஒரு சூடாக அது சொல்லும். நூற்றுக்கணக்கான ஏக்கரில் ஒரே பயிர் செய்யும் நாட்டுக்கு அது பொருந்தும். நாலைந்து பரப்பில் தோட்டம் செய்யும் நமக்குச் செய்மதியிலும் பீப்பாவே நம்பத்தக்கது.

அளப்பதால் என்ன பயன் என்பதற்கு மூன்று தேசங்களின் அனுபவத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் ஷெரிடன் பகுதியில் நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழே போயிற்று. கிணறுதோறும் நீரளவுமானி இருந்ததால் யார் எவ்வளவு இறைக்கிறார் என்பது மறைவாக இருக்கவில்லை. அங்குள்ள விவசாயிகளே கூடி, 2013 முதல் ஐந்தாண்டுக்கு மொத்தம் 55 அங்குல நீரே ஒவ்வோர் ஏக்கருக்கும் இறைப்பது என்று தமக்குத் தாமே வரம்பிட்டுக்கொண்டனர். வறண்ட ஆண்டில் கூட இறைக்கலாம், மழை ஆண்டில் குறைக்கலாம். ஐந்தாண்டுக் கூட்டுத்தொகை மட்டும் மிஞ்சலாகாது. இறைப்புக் குறைந்தது, வருமானம் அவர்கள் அஞ்சியபடி வீழவில்லை. 2018இல் அந்த ஒழுங்கையே மீண்டும் ஏற்றுக்கொண்டனர்.

இந்தியாவில் ஆந்திரப் பிரதேசத்தின் வறண்ட மாவட்டங்கள் ஏழில் 2000களில் நடந்ததோ வேறு வகை. கிராமத்து ஆண்களும் பெண்களும் தாங்களே மழையை அளந்தார்கள். கிணற்று மட்டத்தைப் பார்த்து எழுதினார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஊர்கூடி, இவ்வளவு நீர் வந்தது, இவ்வளவு பயிருக்கு வேண்டும் என்று வரவு செலவுத் திட்டம் போட்டார்கள். இன்ன பயிர்தான் செய்ய வேண்டும் என்று எவரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. கணக்குக் கண்முன் இருந்தபடியால், நெல்லைக் குறைத்து நீர் குறைவாக வேண்டும் பயிருக்குப் பலர் தாமாகவே மாறினர்.

பஞ்சாப்பிலோ 1997 முதல் தோட்டக் கிணற்றுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. இலவசப் பொருளுக்கு மானி எதற்கு? அளவு போயிற்று, நீர்மட்டமும் தாழ்ந்துகொண்டே போயிற்று. 2018இல் அவ்வரசு, மின்மானி பூட்ட இசைந்து, ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சம் பிடிக்கும் விவசாயிக்குப் பணம் கொடுக்கும் திட்டமொன்றைத் தொடங்க நேர்ந்தது.

நீரை அளந்தால் நாளை அதற்கு வரி வந்துவிடுமே என்று பெரியோர் சிலர் அஞ்சலாம். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடேன். கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திலே, பண்டகசாலையில் மழையை அளக்க ஒரு பாத்திரம் வைக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. கையால் இறைத்தால் விளைவில் ஐந்திலொன்று, தோளிற் சுமந்தால் நாலிலொன்று, பொறியால் இறைத்தால் மூன்றிலொன்று என்று அரசுக்குரிய நீர்ப்பங்கும் இருக்கிறது. அளவும் வரியும் பழைய உறவினர்தான். ஆனால் கணக்கு இல்லாமையும் ஒருவரைக் காப்பதில்லை. 2010களில் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டம் பேசப்பட்டபோது, தங்கள் வயலுக்கு நீர் குறையும் என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது. வயலும் தாகமும் எதிரெதிரே நின்ற அவ்வேளையில் இரு பக்கத்தாரும் ஒப்பும் கணக்கைவிட வேறு நடுவர் ஏது? குளத்தில் இத்தனை அடி நீர் நிற்கிறது என்று சொல்வது வன்னி வழக்கம். அகன்ற வாயும் ஒடுங்கிய அடியும் கொண்ட குளத்தில் மேல் ஓரடியும் கீழ் ஓரடியும் ஒன்றாகுமா? பின்னர் 2024இல் தாளையடியில் கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கடல் நீரைக் குடிநீராக்கும் செலவை நினைக்கும்போது, மழை தானே கொண்டுவந்து தரும் நீரின் அருமை விளங்கும்.

தன் கணக்குப் புத்தகம் தன் கையில் இருப்பவன், கேட்பவருக்கு விடை சொல்ல முடியும். கணக்கில்லாதவனுக்குப் பிறர் எழுதுவதே கணக்காகும். ஆகையால் அந்தப் புத்தகத்தை முதலில் நாமே திறப்போம் என்பதே என் வேண்டுகோள்.

சங்கத்து இளைஞர்களே! உங்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். ஊரிலே உடையவர் சம்மதத்தோடு பத்துக் கிணறுகளைத் தெரிந்தெடுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் காலையில், இறைப்புத் தொடங்குமுன், பாரம் கட்டிய அளவு நாடாவால், கட்டின் ஒரே அடையாளத்திலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி கீழே என்று பார்த்து எழுதுங்கள். ஒரு மழைமானியை ஆலய வீதியிலோ பாடசாலை முற்றத்திலோ, மரநிழல் படாத இடத்தில் வையுங்கள். உவரின் அளவைக் காட்டும் சிறு கருவியொன்றை சங்கச் செலவில் வாங்கி, மாதம் ஒருமுறை அதையும் பாருங்கள். ஆளுக்கொரு தோட்டத்தில் பீப்பா வைத்து இயந்திரத்தின் ஓட்டத்தை அளந்து, அத்தோட்டக்காரர் கையிலேயே அந்தக் கணக்கைக் கொடுங்கள். எவரையும் குற்றஞ்சாட்டுவதற்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். ஒரு வாரம் பார்க்கத் தவறினால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். ஊகம் கலந்த புத்தகம் புத்தகமே இல்லாததிலும் கேடு.

மூன்று மாரி இப்படி எழுதினால், எந்த மாதத்தில் எந்தக் கிணறு இறங்குகிறது, எந்த மழையில் ஏறுகிறது, உவர் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதெல்லாம் ஊரார் கண்முன் நிற்கும். பங்குக் கிணற்றுக்காரர் மணியை விட்டு லீற்றரில் முறை பிரிக்கவும் அதுவே வழியாகும். நம் பாட்டனார் தோண்டிய கிணற்றை நன்னீரோடு நாம் பெற்றோம். நன்னீரோடு அதைப் பேரனிடம் கொடுக்க வேண்டிய கடன் நமக்கு உண்டு. கடனைத் தீர்க்க விரும்புபவன் முதலில் அதன் தொகையை அறிய வேண்டுமல்லவா?